செல்லத்தாயி அக்காவின் காரில் ஆளுக்கொரு சத்தம்

நம் மெக்கானிக் ஷெட்டுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி என் மகள் கேட்டாள். ஷெட் இப்போது அவள் கையில். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அதாவது, வந்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் குறை சொல்வதற்கு மட்டும் எனக்கு அனுமதி. "கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசணும்னு எழுதுப்பா" என்றாள். அது எனக்குத் தெரிந்திருந்தால் இந்த ஷெட் இந்நேரம் இதைப்போல மூன்று மடங்கு இருந்திருக்கும். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். சாவியை எப்போது நம் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை.

எதை எப்படிக் கழற்றுவது, எப்படிப் பூட்டுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதற்கு உங்கள் போனிலேயே வீடியோ இருக்கிறது, அதை நீங்கள் வேலை நேரத்தில் பார்ப்பதும் எனக்குத் தெரியும்.

முதலில் என் காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இடது காது சரியாகக் கேட்காது. ஷெட் வைப்பதற்கு முன்பு பல வருஷம் பிரஸ் ஷாப்பில் இருந்தேன். தகடு அடிக்கிற மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்று, அந்தக் காதைக் கம்பெனிக்கே எழுதி வைத்துவிட்டு வந்தேன். ஆனாலும் வண்டியில் வரும் சத்தத்தைக் கண்டுபிடிப்பதில் மண்ணூர் சுற்று வட்டாரத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. சத்தம் கேட்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பேன். அடேயப்பா, மனுஷன் என்ன நுணுக்கமாகக் கேட்கிறார் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். நல்ல காதைத் திருப்புகிறேன் என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை.

நம் பக்கத்துக் கஸ்டமர்கள் வேறு ஊர்க் கஸ்டமர்களைப் போல் கிடையாது. மற்ற ஊர்களில் வண்டிக்காரர் வந்தால், என்னவோ சத்தம் வருகிறது, பாருங்கள் என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். இங்கே ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை தெருவில் போகிறவர்களில் பாதிப்பேர் கார் செய்கிறவர்கள். ஆனால் முழுக் காரை ஒருவரும் செய்வதில்லை. ஒருத்தர் நாள் பூராவும் கதவு மாட்டுவார். இன்னொருத்தர் நாள் பூராவும் சீட்டை இறக்கி வைப்பார். லைனில் அவரவர் நிற்கும் இடத்துக்கு ஸ்டேஷன் என்று பேர். அங்கேயே நின்று நின்று அவர் காதும் அந்த ஸ்டேஷனிலேயே தங்கிவிடும். எந்த வண்டி எப்படிக் கத்தினாலும் தன் ஸ்டேஷன் சாமான் கத்துவதாகத்தான் அவருக்குக் கேட்கும். இதற்கு 'ஸ்டேஷன் காது' என்று பேர் வைத்திருக்கிறேன். என் செவிட்டுக் காதைவிட இது ஆபத்து.

செல்லத்தாயி அக்காவை உங்களுக்குத் தெரியும். மத்தியானம் நீங்கள் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடுகிற சாப்பாடு அவர் மெஸ்ஸிலிருந்துதான் வருகிறது. என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் சோறு போடுகிறவரை அக்கா என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, மண்ணூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தெற்கத்திப் பையன்களுக்குச் சமைத்துப் போட ஆரம்பித்தார். அப்புறம் சுங்குவார்சத்திரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்கு ராத்திரிச் சாப்பாடு கொடுக்கிற ஆர்டர் கிடைத்தது. அதற்காகவே ஒரு பழைய சின்னக் கார் வாங்கி, பின் சீட்டைக் கழற்றிவிட்டு அண்டாக்களை ஏற்றினார்.

அந்தக் காரில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்ச நேரம் கடகடவென்று சத்தம் வரும், பிறகு நின்றுவிடும். பின்னால் பாத்திரம் இருக்கிறதல்லவா? மூடிகள்தான் ஆடுகின்றன என்று அக்கா முடிவு செய்துவிட்டார். பழைய சேலையைக் கிழித்து மூடிகளைச் சுற்றினார். சத்தம் நிற்கவில்லை. அண்டாவுக்கும் சேலை கட்டினார். நிற்கவில்லை. கரண்டிகளுக்குக்கூடத் துணி சுற்றினார். போகப் போகச் சத்தம் நிற்காமல் வழியெல்லாம் வர ஆரம்பித்தது. உடனே வண்டியை ஓரங்கட்டி, பின்கதவைத் திறந்து, எந்த மூடி என்று தேடுவார். நெடுஞ்சாலையில் நின்று சாம்பார் அண்டாவோடு வழக்காடிக்கொண்டிருந்ததில் ஹாஸ்டலுக்குச் சாப்பாடு இரண்டு தடவை தாமதமாகப் போய்விட்டது. இன்னொரு தடவை லேட்டானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று வார்டன் அம்மா சொல்லிவிட்டார். அந்த ஹாஸ்டல் ஆர்டரை நம்பித்தான் மெஸ்ஸே நடந்தது. அது போனால் அடுப்பை அணைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

ஒரு நாள் மத்தியானம் அந்தக் கார் ஷெட்டுக்குள் நுழைந்தபோது, எட்ட இருந்தே என் நல்ல காது விறைத்துக்கொண்டது.

"அண்ணாச்சி, மூடி ஒண்ணு அடங்க மாட்டேங்கு. எந்த மூடின்னு பாத்துச் சொல்லுங்க. சாயங்காலம் சத்திரத்துக்குப் போவணும்" என்றார் அக்கா.

"மூடி இல்லக்கா. இன்ஜின்லேர்ந்து வருது."

"இன்ஜினுக்கும் துணி சுத்திரலாமா?"

நான் சிரிக்கவில்லை. நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை இன்ஜினின் முன்பக்கத்தில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துத் தலையைச் சாய்த்தேன். உள்ளே வால்வையும் பிஸ்டனையும் தாளம் தப்பாமல் ஓட வைக்கும் டைமிங் செயின் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. சூடான இன்ஜினிலும் அது நிற்கவில்லை என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். வண்டியை அணைத்தேன். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டேன்.

நான் தொழில் பழகிய இடத்து ஃபோர்மேனின் வழக்கம் இது. சந்தேகமான சத்தம் என்றால், ஒரே ஒரு தடவை கேட்பார். பிறகு சாவி அவர் பைக்குப் போய்விடும். முதலாளியே வந்து கேட்டாலும் கிடைக்காது. மனுஷனுக்கு வாயில் எப்போதும் வெற்றிலை, அதனால் காரணமும் சொல்ல மாட்டார். காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. தளர்ந்த செயின் ஒரு பல் தாண்டினால் போதும், வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் அதை இன்ஜின் என்று சொல்ல முடியாது. அது எந்த ஸ்டார்ட்டில் தாண்டும் என்று யாருக்கும் தெரியாது. நாம் 'இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்போம்' என்கிற தடவையாகவும் இருக்கலாம்.

அந்த நேரம் பார்த்துக் காலை ஷிஃப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் நம் ஷெட் வாசலில் வந்து நின்றன. மெஸ் அக்காவின் கார் ஷெட்டில் நிற்பதைப் பையன்கள் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்கு அது வெறும் கார் இல்லையே, சோறு வருகிற வழி. கழுத்தில் ஐடி கார்டு ஆட, கூட்டமாக உள்ளே வந்துவிட்டார்கள். எல்லாருடைய பேரும் உங்களுக்கு வேண்டாம். ஸ்டேஷன் போதும்.

"அண்ணே, கதவு ஹிஞ்சுண்ணே. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்" என்றான் தேனிக்காரன். அவன் கதவு.

"இன்னா ஹிஞ்சு? சைலன்சர்ல தகடு வுட்டுப் போய் கீது, ணா. ஒரு தபா ஸ்டார்ட் பண்ணு, காட்றேன்" என்றான் மண்ணூர்ப் பையன். அவன் சைலன்சர்.

"பின் சீட்டக் கழட்டுன எடத்துல பிராக்கெட் ஆடும்ணே. ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே." சொன்னவன் சீட்.

"யாரும் சாவியக் கேக்காதீங்க. சாவி எங்கிட்ட கீது. எங்கிட்டயே இருக்கும்" என்றேன்.

முந்தின நாளே மெஸ் வாசலில் அக்கா வண்டியை எடுத்தபோது கதவுக்காரன் அந்தச் சத்தத்தைப் போனில் பிடித்திருக்கிறான். அதைத் தன் லைன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். அவ்வளவுதான். மறைமலை நகரிலிருந்து ஒருத்தர் ஷாக் அப்சார்பர் என்று வாய்ஸ் அனுப்பினார். யாரோ ஹாரன் என்றார். பெயின்ட் ஷாப்பிலிருந்து ஒருத்தர், சத்தத்தைப் பற்றித் தனக்குத் தெரியாது, ஆனால் வண்டி கலர் மங்கியிருக்கிறது என்று எழுதினார். கதவுக்காரன் ஒலிதான் அனுப்பியிருந்தான், படம் அனுப்பவில்லை. அவருக்குக் கலர் எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இதற்கெல்லாம் நான் கவலைப்படவில்லை. இசக்கிமுத்து பேச ஆரம்பித்ததும்தான் எனக்குக் கவலை வந்தது.

இசக்கிமுத்து அக்காவின் ஊர்ப் பையன். அவர் கையால் சாப்பிட்டே வளர்ந்தவன் மாதிரி. இன்ஜின் பிளான்ட்டில் வேலை. அவனுடைய ஸ்டேஷன் என்ன தெரியுமா? டைமிங் செயின். செயினை மாட்டி, பல் சக்கரங்களின் குறிகளைச் சேர்த்து, செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரில் செருகியிருக்கும் சின்னப் பின்னை உருவுவான். உருவினதும் செயின் விறைக்கும். அடுத்த இன்ஜின் வரும். இதுதான் அவன் உத்தியோகம். அடடா, ஒரு சாட்சி கிடைத்தான் என்று நினைத்தேன்.

"அண்ணே, செயினா? செயினா இருக்காதுண்ணே" என்றான்.

"இன்னாப்பா சொல்ற?"

"தெனமும் நாந்தான போடுதேன்? எந்தச் செயினும் சத்தம் போட்டு நான் பாத்ததில்ல. இது வெளிய ஓடுத பெல்ட்டோட புல்லி. பேரிங் போயிருக்கும். அக்கா, பயப்படாதீய. சத்திரத்துக்குப் போய்ட்டு வந்து நாளைக்கு மாத்திக்கிடலாம்."

பாருங்கள், இதுதான் நம் ஊரின் வினோதம். செயினோடு சம்பந்தமில்லாத எல்லாரும் சத்தம் தன்னுடையது என்று அடித்துக்கொள்கிறார்கள். உண்மையில் யாருடைய சாமானோ அவன் மட்டும் இல்லவே இல்லை என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. தன் கையிலிருந்து போகும் செயின் நன்றாகத்தான் இருக்கும் என்ற பெருமை அவனுக்கு. அவன் பார்த்ததெல்லாம் பிறந்த குழந்தைகள். கிழவனை அவன் பார்த்ததே இல்லை. இந்த இன்ஜினை யாரோ பூட்டிய காலத்தில் இவன் பள்ளிக்கூடம்கூடப் போயிருக்க மாட்டான்.

ஆனால் அக்காவுக்கு அவன் சொன்னதுதான் வேதம். செயின் போடுகிறவனே செயின் இல்லை என்கிறான், வேறென்ன வேண்டும்?

"அண்ணாச்சி, சாவியக் குடுங்க."

"தர மாட்டேன்க்கா."

"ஒரே ஒரு நடை. போய்ட்டு வந்து நானே இங்கன விட்டுருதேன். இன்னைக்குச் சாப்பாடு போவலன்னா அந்த அம்மா என்னய மாத்திருவாவ."

"வழியில செயின் எகிறினா இன்ஜினே இல்லாம பூடும். அப்புறம் நாளைக்கும் போவ முடியாது, என்னைக்கும் போவ முடியாது."

"அது எங்காரு அண்ணாச்சி! எஞ்சாவி!"

அவர் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் மனசு ஆடிவிட்டது, ஒளிக்க என்ன இருக்கிறது? அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கார் அவருடையது, சாவி அவருடையது, கெட்டால் கெடுவது அவருடைய பிழைப்பு. நான் சொன்னபடி செயின் எகிறாமலே அவர் போய்விட்டு வந்திருக்கவும் கூடும். அப்போது ஒரு மனுஷியின் ஆர்டரைக் கெடுத்த பாவி நான்தான். சாவியைப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்க முடியும்? இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் குரலை உயர்த்தினால் நாம் தோற்றோம். நானும் உயர்த்தித்தான் பார்த்தேன், தோற்றேன். அதனால்தான் சொல்கிறேன்.

பேசுவதை நிறுத்திவிட்டு ஸ்பேனரை எடுத்தேன். இன்ஜினின் மேல் மூடியை மட்டும் கழற்றினேன். செயின் கறுப்பாக எண்ணெய்க்குள் தெரிந்தது.

"இசக்கி, வா இங்க. வாயத் தொறக்காத. கையக் குடு" என்றேன்.

அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்து, இரண்டு பல் சக்கரத்துக்கும் நடுவில் செயின் மேல் வைத்தேன். அமுக்கினான். விரல் இறங்கியது. இன்னும் இறங்கியது. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. டென்ஷனரில் எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது கொஞ்சம் தளர்வு இருக்கும்தான், அது அவனுக்கும் தெரியும். ஆனால் நாள் முழுக்க விறைத்த செயினைத் தொடுகிற விரல் அது. எவ்வளவு வரை இறங்கலாம் என்று அந்த விரலிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. விரலை எடுத்தான், திரும்ப வைத்தான். டார்ச்சை வாங்கி உள்ளே அடித்துப் பார்த்தான். செயின் உரசிக்கொண்டு ஓடும் பிளாஸ்டிக் கைடு ஓரத்தில் உடைந்து தொங்கியது.

அவன் நேராக அக்காவிடம் போனான்.

"அக்கா, சாவிய வாங்காதீய" என்றான். பிறகு, "இதுலயா இத்தன நாள் ஓட்டுனீய?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அக்கா அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

கார் தப்பித்தது. சாப்பாடு? மெஸ்ஸில் சாதம் வெந்துகொண்டிருந்தது, சாம்பார் தயார். ஷேர் ஆட்டோவில் இத்தனை அண்டாவை ஏற்ற எவரும் சம்மதிக்கவில்லை. அப்போது சைலன்சர்க்காரன் ஒரு யோசனை சொன்னான். அவன் கம்பெனி பஸ் சாயங்காலம் ராத்திரி ஷிஃப்ட் ஆட்களை ஏற்றச் சுங்குவார்சத்திரம் போகிறது, போகும்போது காலியாகத்தான் போகும்.

பையன்கள் மெஸ்ஸிலிருந்து அண்டாக்களைத் தூக்கிவந்து வாசலில் வைத்தார்கள். பஸ் வந்தது. டிரைவர் அண்டாக்களைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"ஐடி கார்டு இல்லாத யாரையும் ஏத்தக் கூடாதுப்பா. ரூல்ஸ் அப்படி கீது."

கதவுக்காரன் தன் ஐடி கார்டைக் கழற்றிச் சாம்பார் அண்டாவின் கழுத்தில் மாட்டினான். சீட்காரன் ரசத்துக்கு மாட்டினான். இசக்கிமுத்து சாதத்துக்கு. டிரைவர் சாம்பாரின் போட்டோவையும் பேரையும் குனிந்து படித்துவிட்டு, "ஆளு கொஞ்சம் வெய்ட்டு போட்டுகினு கீறாரு. ஏத்து" என்றார்.

லேடீஸ் ஹாஸ்டல் என்று தெரிந்ததும் அண்டா தூக்க ஆள் குறைவில்லை. கையில் எண்ணெய்க் கறையோடு இருந்தவனெல்லாம் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு ஏறினான். வார்டன் அம்மா கேட்டிலேயே அண்டாக்களை வாங்கிக்கொண்டு இவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். ஆனால் சாப்பாடு நேரத்துக்குப் போனது. சேலை சுற்றியிருந்ததால் சாம்பார் அலுங்கவில்லை, சூடும் ஆறவில்லை. மூடிக்குச் சுற்றிய துணி சத்தத்துக்கு உதவாவிட்டாலும் சாம்பாருக்கு உதவியது. வார்டன் அம்மா போனில் அக்காவிடம், "இன்னைக்குச் சரி. தினமும் பசங்களை அனுப்பாதீங்க. நாளைக்கு உங்க வண்டிலதான் வரணும்" என்றாராம்.

ஆக, மறுநாள் சாயங்காலத்துக்குள் கார் ஓட வேண்டும். சென்னையிலிருந்து செயின், கைடு, டென்ஷனர் எல்லாம் காலையில் வந்து இறங்கின. நான் முன்பக்கத்தைப் பிரித்தேன். உடைந்த கைடின் துண்டுகள் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பில் கிடந்தன. ஷிஃப்ட் முடிந்ததும் இசக்கிமுத்து ஓடிவந்தான். "அண்ணே, பின்ன மட்டும் நான் உருவுதேன்" என்று கெஞ்சினான். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். குறிகளை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம், அவன் பின்னை உருவினான், செயின் விறைத்தது. அவன் அடுத்த இன்ஜின் வரப்போவது மாதிரி பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினான். அங்கே கடலை தின்றுகொண்டு கதவுக்காரன்தான் நின்றான். எல்லாம் பூட்டுவதற்கு முன் கிராங்க் தண்டைக் கையாலேயே சுற்றி, எங்கும் முட்டவில்லை என்று பார்த்தேன். நேரமில்லை என்று அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அண்டாக்களை ஏற்றினார்கள். அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். முந்தின நாள் அந்தச் சாவிக்காக இரண்டு பேரும் போட்ட சண்டை இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. சுற்றிலும் எல்லா ஸ்டேஷனும் மூச்சுப் பிடித்து நின்றது.

அக்கா சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. கடகட இல்லை. ஒன்றுமே இல்லை.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ அண்ணாச்சி, ஸ்டார்ட்டே ஆவலயே!" என்று கத்திக்கொண்டு, ஓடுகிற இன்ஜினில் மறுபடியும் சாவியைத் திருப்பினார். கர்ர்ர்ர்ரென்று ஒரு சத்தம், தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"ஸ்டார்ட்டர்!" என்று கதவு, சீட், சைலன்சர், செயின் எல்லாரும் ஒரே குரலில் அலறினார்கள். அந்தப் பையன்கள் ஒரு சத்தத்துக்கு ஒரே பதில் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"கைய எடுங்கக்கா, ஓடிக்கினுதான் கீது!" என்றேன்.

அக்கா சாவியிலிருந்து கையை எடுத்தார். ஸ்டியரிங் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அது லேசாக அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் நம்பினார். சிரித்தார், கூடவே அழுகையும் வந்தது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார்.

கார் ஷெட்டை விட்டு இறங்கி சுங்குவார்சத்திரம் பக்கமாகத் திரும்பியது. நான் வாசலில் நின்று கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒருவேளை இடது காதைத் திருப்பிக்கொண்டு நிற்கிறேனோ என்று சந்தேகம் வந்து, தலையை மறுபக்கம் சாய்த்தேன். அதிலும் ஒன்றும் கேட்கவில்லை.